நம்மாளுக்கு அனுப்பிய வெல்லம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எல்லாவற்றையும் ஆரம்பித்து வைத்தவள் நான்தான். எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதையே சொல்வார்கள், என்னைவிடக் கொஞ்சம் சத்தமாக.

இன்ஜினியரிங் முடித்து வேலையும் கிடைத்துவிட்டது. ஆனால் சேரும் தேதியைக் கம்பெனிக்காரர்கள் மாதாமாதம் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் ஒரு நல்ல போன், வாசலில் ஒரு ஸ்கூட்டர், தலைக்குள் ஒரு நாளைக்கு ஏழெட்டு யோசனை. இப்படிப்பட்ட ஒருத்தியைச் சும்மா உட்காரச் சொன்னால் ஊருக்குத்தான் ஆபத்து. "உன்னைச் சீக்கிரம் வேலைக்குக் கூப்பிடோணும்னு உனக்காக இல்லடி, எங்களுக்காக வேண்டிக்கறேன்" என்று அம்மா தினமும் சொல்வாள்.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தும் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றுவார்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த நான்கு பேரை முன்வரிசையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு துண்டு போர்த்தி, போட்டோ எடுத்து, மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அங்கே போய் அவர்கள் என்னதான் செய்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. துண்டு போர்த்தியது போதும், இந்த வருஷம் அவர்களைப் பேச வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன். ஆளுக்கொரு கதையை போனில் பதிவு செய்து, சுதந்திர தினத்தன்று ஒலிபெருக்கியில் ஊருக்கே போட்டுக் காட்டுவது என் திட்டம்.

மூன்று பேர் சுலபமாக மாட்டினார்கள். ஒருவர் பாலைவனத்தில் டெலிபோன் கம்பி இழுத்தவர். அவர் இழுத்த கம்பியை ஓர் ஒட்டகம் மென்றுவிட்ட கதையை ஒன்றரை மணி நேரம் சொன்னார். ஒட்டகம் மென்றதற்கே அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. இன்னொருவர் சமையல்காரர். முந்நூறு பேருக்கு உப்புமா கிண்டியதையும், வடக்கத்திச் சிப்பாய்கள் அதை மருந்து என்று நினைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியதையும் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். மூன்றாமவர் பேண்டு வாசித்தவர். பதிவு முடிந்து நான் தெருமுனை திரும்பிய பிறகும் அவருடைய ஊதல் கேட்டுக்கொண்டிருந்தது.

நான்காமவர்தான் ஊரின் நட்சத்திரம். எங்கள் எதிர்வீட்டுப் பெரியப்பா. சொந்தம் கிடையாது, வழக்கத்தில் பெரியப்பா. பனிமலையில் பதினேழு வருஷம் ராணுவ லாரி ஓட்டியவர். எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன மதிப்பு என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரிவது கஷ்டம். வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் லாரியிலோ போர்வெல் ரிக்கிலோ இருக்கும் ஊர் இது. அஸ்ஸாம் வரைக்கும் முட்டை ஏற்றிப் போன டிரைவர்கள்கூட டீக்கடையில் பெரியப்பாவைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். மலையேற்றத்துக்கு யோசனை கேட்பார்கள். அவரும் டீயை ஆற்றிக்கொண்டே அளந்து அளந்துதான் சொல்வார்.

"மலையில அவசரம் ஆகாது சாமி. பாரம் ஒரு பக்கம் சாயக் கூடாது. நெம்ப முக்குனா நிறுத்திப் போடோணும். மூச்சு வாங்க உடோணும்."

டிரைவர்கள் தலையாட்டிக்கொண்டே போவார்கள். ஆனால் ஊருக்கு வந்த பிறகு பெரியப்பா ஒரு நாளும் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. "ஓட்ட வேண்டியதெல்லாம் அங்கயே ஓட்டி முடிச்சாச்சு" என்பார். எங்கே போவதென்றாலும் டவுன் பஸ்தான். அதுவும் ஜன்னலோரம் உட்காராமல், உள்பக்கமாக.

பதிவு செய்யப் போன அன்று போனை நீட்டியதும் அவருக்கு இருமல் வந்தது. இருமல் நின்றதும் தண்ணீர் மோட்டார் ஞாபகம் வந்தது. மோட்டாரைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு காஸ் சிலிண்டர் தீர்ந்துபோயிருக்குமோ என்ற கவலை வந்தது. கடைசியில் ஒரே மூச்சில், "லாரி ஓட்டுனேன், பென்ஷன் ஆச்சு, வந்துட்டேன்" என்று முடித்துவிட்டார். மொத்தப் பதிவு ஏழு நொடி. அதில் இருமலே மூன்று நொடி.

உள்ளே இருந்து பெரியம்மா வந்தார். "ஏனுங்க, அந்த நம்மாளைப் பத்தியாச்சும் சொல்லுங்களே, புள்ள ஆசையா வந்திருக்குதுல்ல?"

"யாருங்க பெரியம்மா நம்மாளு?"

"இவருக்கு அங்க ஒரு கூட்டாளி அம்மணி. காயிதம் போட்டா என்னைப் பத்தி ரெண்டு வரி இருக்கும், நம்மாளைப் பத்தி ரெண்டு பக்கம் இருக்கும். வெல்லம்னா உசுராம் அந்த மனுசனுக்கு. ஒவ்வொரு லீவு முடிஞ்சு போறப்பவும் ஜேடர்பாளையத்து வெல்லம் ரெண்டு பை கட்டிக் குடுப்பேன். ஒம்பது வருசம் குடுத்தேன். குளிர்ல காலு புடிச்சுக்குதுன்னு எழுதியிருந்தாரு, தைலம் காய்ச்சி அனுப்புனேன். இருமல்னு எழுதுனாரு, திருச்செங்கோட்டு மலைக்கு நடந்தே வாரேன்னு வேண்டிக்கிட்டேன். நடந்தும் போனேன். ஒரு வாட்டி ஊட்டுக்குக் கூட்டியாங்கன்னு எத்தனை வாட்டி சொல்லியிருப்பேன்!"

"அவன் தூரத்துக்காரன். வர முடியாது" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா மறுபடியும் மோட்டாரைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்த இடத்தில் அறிவுள்ளவள் நிறுத்தியிருப்பாள். எனக்கோ அன்றைக்கான எட்டாவது யோசனை உதித்தது. பேச மாட்டேன் என்கிறார், சரி, ஓட்டட்டும்! என் தாய்மாமன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். பன்னிரண்டு சக்கரத்தில் ஒரு புது வண்டி அந்த வாரம்தான் பெயிண்ட் காய்ந்து நின்றது. அதைப் பெரியப்பா பேருந்து நிறுத்தத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை ஊர்வலமாக ஓட்டி வர வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன். மாமா துள்ளிக் குதித்தார். வண்டியின் சொந்தக்காரரோ ராணுவக் கைபட்டால் வண்டிக்கு ராசி என்று ஒரே பேச்சில் சம்மதித்துவிட்டார்.

"லைசென்ஸ் இருக்குதான்னு கேக்கட்டுமா மாமா?"

"பட்டாளத்துல ஓட்டுனவரைப் போயி லைசென்ஸ் கேப்பியா? வாயக் கழுவு!"

பெரியப்பாவையும் கேட்கவில்லை. திடீரென்று சந்தோஷப்படுத்தப் போகிறேனாம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். மறுநாளே பிளெக்ஸ் வைத்தாயிற்று. அதில் பெரியப்பாவின் பென்ஷன் அட்டைப் படத்தை வெட்டி ஒரு லாரியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். பின்னணியில் பனிமலை, அதற்கு மேல் மூன்று போர் விமானங்கள், ஓரத்தில் எதற்கென்றே தெரியாமல் ஒரு புலி. மேலே 'பனிமலையின் சாரதியே வருக' என்று எழுதச் சொன்னது நான்தான். பேருந்து நிறுத்தத்தில் அதைப் பார்த்தபோது எனக்கே புல்லரித்தது.

சுதந்திர தினத்துக்கு மூன்று நாள் முன்பு, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். பெரியப்பா எங்கள் வாசலில் நின்றார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, முகத்தில் மட்டும் பேயறைந்த களை.

"அம்மணி, ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்குதா?"

"இருக்குதுங்க பெரியப்பா. எங்க போகோணும்?"

குரலைத் தாழ்த்தினார். "நம்மளத் தெரிஞ்சவங்க இல்லாத ஊர்ல ஒரு டிரைவிங் ஸ்கூல் வேணும். ஆட்டையாம்பட்டி வேண்டாம். திருச்செங்கோடு வேண்டவே வேண்டாம்."

"எதுக்குங்க?"

"சும்மா. ஒரு ரிவிசன்."

பதினேழு வருஷம் ஓட்டியவருக்கு எதற்கு ரிவிஷன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எவ்வளவு அடக்கமான மனிதர் என்றுதான் தோன்றியது. சேலம் சூரமங்கலத்தில், ரயில்வே குடியிருப்புப் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூல் பலகையைப் பார்த்த ஞாபகம் இருந்தது. கிளம்பினோம். வழி முழுக்க அவர் என் தோளைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் தோள் வலித்தது.

"எல்.எல்.ஆர். இல்லாம ரோட்டுல விடமாட்டேன் ஐயா" என்றார் பயிற்சியாளர். அவர் வாயில் எப்போதும் ஒரு பாக்கு இருந்தது. "கார்ல, மைதானத்துக்குள்ள ஒரு ரவுண்டு வேணா பாருங்க."

நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். பெரியப்பா ஓட்டுநர் சீட்டில் ஏறினார். ஏறுவதற்கு முன் காரின் முன்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார். பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பெருமையாகப் புன்னகைத்தேன்.

"கிளட்சை மெதுவா விடுங்க, ஆக்சிலேட்டரை மெதுவா மிதிங்க."

கார் இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றது. பெரியப்பா முன்னால் குனிந்து, நாக்கை மேலண்ணத்தில் வைத்து "டக், டக்" என்று சத்தம் கொடுத்தார். கார் அசையவில்லை. இன்னொரு முறை, இன்னும் அன்பாக, "டக், டக், டக்."

மூன்றாவது முயற்சியில் கார் கிளம்பியே விட்டது. கிளம்பிய வேகத்தில் நேராக ஒரு வேப்பமரத்தைப் பார்த்துப் போனது. "பிரேக்! பிரேக்!" என்று பயிற்சியாளர் கத்தினார். பெரியப்பா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் மார்போடு சேர்த்துப் பின்னால் இழுத்து, "ஹோ! ஹோஓஓ!" என்றார். பயிற்சியாளர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். மரத்துக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. பாக்கு எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஐயா" என்றார் அவர், மூச்சு வந்ததும். "இது காருங்க. இதுக்குக் காது கேக்காது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தினேன். மூக்கு வழியாக வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டச் சிரித்துக்கொண்டே இருந்தவள், கண்ணாடியில் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்தினேன்.

ரயில்வே ஜங்ஷன் பக்கம் ஒரு கரும்புச்சாறு கடையில் உட்கார்ந்தோம். அவர் குடிக்காமல் டம்ளரையே சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் லாரி ஓட்டல அம்மணி."

"தெரிஞ்சுதுங்க."

"கழுதை. கோவேறு கழுதை. பதினேழு வருசமும் அதுதான். ரோடு எங்க முடியுதோ அங்கிருந்து எங்க வேலை. தண்ணி, சீமெண்ணெய், குண்டு, காயிதம், எல்லாத்தையும் அது முதுகுல கட்டி, கவுத்தைப் புடிச்சு மேல நடக்கோணும்."

"இதை எதுக்குங்க மறைக்கோணும்? சமையல்காரரு உப்புமா கதையவே எப்படிச் சொன்னாரு!"

"உப்புமாவைச் சொல்லி எவனும் எவனையும் வெய்யறதில்ல."

அவர் பத்தாம் வகுப்பில் தேறாமல் போன அன்று அவருடைய அப்பா தெருவே கேட்கும்படி, "நீ கழுதை மேய்க்கத்தான்டா லாயக்கு" என்று திட்டினாராம். எங்கள் ஊரில் அந்தத் திட்டை வாங்காத பையன் கிடையாது. ஆனால் இவருக்கு அது தைத்துவிட்டது. மானத்தோடு வாழ்ந்து காட்டுகிறேன் என்று ஓடிப்போய்ப் பட்டாளத்தில் சேர்ந்தார். பயிற்சி முடிந்த அன்று கையில் ஒரு கயிற்றைக் கொடுத்தார்களாம். துப்பாக்கியை எதிர்பார்த்து நீட்டிய கை. கயிற்றின் அந்த முனையில் கழுதை நின்றது.

"அன்னைக்கு ராத்திரி பூரா அழுதேன். அது பக்கத்துல நின்னு என்ற சட்டைப் பொத்தானை மென்னுக்கிட்டே இருந்துச்சு. மொத லீவுக்கு வந்தேன். பஸ்ஸை விட்டு எறங்குனா எங்கப்பனும் அவங்க கூட்டாளிங்களும் நிக்கறாங்க. 'அங்க என்னடா வேலை?'ன்னு ஒருத்தர் கேட்டாரு. வாய் தானா, 'லாரிங்க'ன்னு சொல்லிப்போடுச்சு. எங்கப்பன் மூஞ்சி எப்படி மலர்ந்துச்சு தெரியுமா? சாகற வரைக்கும், 'எம் பையன் மலையில லாரி ஓட்டறான்'னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. அப்பறம் எப்படி மாத்தறது?"

எனக்குள் ஒன்று சுருக்கென்றது. "அப்போ... நம்மாளு?"

பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்தார். அன்று முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, கெட்டியாகப் பிடித்து வைத்திருந்த ஏதோ கைநழுவி விழுந்தது போல. "நாலு கால், ரெண்டு முழ நீளக் காது. நல்லா மீசை இருக்கும்."

"பெரியம்மாவுக்கு?"

"தெரியாது. அவ மலைக்கு நடந்து போனதே அவனுக்காகத்தான். கழுதைக்குன்னு எப்படிச் சொல்லுவேன்? மூணு நாள்ல எப்படியாச்சும் ஒரு அர மைல் ஓட்டக் கத்துக்கறேன். நீ யார்கிட்டயும் வாய் தொறக்கக் கூடாது."

சத்தியம் செய்தேன். எனக்குக் கிடைத்த கதைகளிலேயே இதுதான் கதை, அதை வாயில் பூட்டுப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்! வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன். கத்தி முடித்ததும் பயம் வந்தது. இந்த மனிதரை லாரியில் ஏற்றிவிட்டது நான். மூன்று நாளில் அவர் ஒன்று ஊர் முன்னால் தலைகுனிய வேண்டும், இல்லை, பேருந்து நிறுத்தத்தை இடிக்க வேண்டும்.

மாமாவுக்கு போன் போட்டேன். "மாமா, இன்னொரு யோசனை. வண்டியை ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். தேர் மாதிரி முன்னால கவுறு கட்டி ஊரே இழுக்கட்டும். பெரியப்பா சும்மா உள்ள உக்காந்து கை காட்டுனாப் போதும்."

"காலி வண்டியே எத்தனை டன்னுன்னு தெரியுமா உனக்கு? இழுத்தா ஊர்ல பாதிப் பேருக்கு இடுப்பு புடிச்சுக்கும்."

"ஒரு மரியாதைக்குங்க மாமா!"

மாமா சிரித்துவிட்டு வைத்துவிட்டார். நான் விடவில்லை. பதினைந்தாம் தேதி விடிந்ததும் தார்ப்பாய் கட்டும் நீளக் கயிறு ஒன்றைக் கொண்டுபோய், நின்றிருந்த புது லாரியின் முன் கொக்கியில் நானே கட்டிவிட்டேன். யாராவது இழுக்க மாட்டார்களா என்ற நப்பாசை.

யாரும் இழுக்கத் தயாராக இல்லை. ஓட்டுவதைப் பார்க்கத்தான் ஊரே வந்திருந்தது. லாரி மாவிலையும் சாமந்தியுமாக ஜொலித்தது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. வண்டி உருண்டு அவற்றை நசுக்கினால்தான் புது வண்டி புறப்பட்டதாக அர்த்தம். மாமாவின் பட்டறை டிரைவர், பக்கத்து சீட்டில் கிளீனரைப் போலப் பணிவாக ஏறி உட்கார்ந்திருந்தார். பெரியப்பா பழைய பதக்கங்களைக் குத்திக்கொண்டு வந்தார்.

"பெரியப்பா" என்று காதோரம் கிசுகிசுத்தேன். "வயித்து வலின்னு சொல்லிடுங்க. நான் பாத்துக்கறேன்."

"வெச்ச எலுமிச்சம்பழத்தை எடுக்கவா சொல்றே? அபசகுனம்" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அது ஒரு கவலை.

அவர் படியில் கால் வைத்தபோது பெரியம்மா ஆரத்தித் தட்டோடு வந்தார். சுற்றி முடித்து, நெற்றியில் பொட்டு வைத்து, முந்தானை முடிச்சிலிருந்து ஓர் உருண்டை வெல்லத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"வாயில போட்டுக்கிட்டு ஏறுங்க. அங்க போறப்ப எல்லாம் பையில கட்டிக் குடுத்தேன், ஒரு நாளும் உங்க கையில குடுத்ததில்ல. நம்மாளுக்கும் ஒரு வாய்னு நெனச்சுக்கங்க."

பெரியப்பா வெல்லத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மேளம் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். பிறகு படியில் இருந்த காலையும் தரைக்கு இறக்கினார்.

"நிறுத்துங்கப்பா மேளத்தை."

மேளம் நின்றது.

"நான் லாரி ஓட்டுனவன் இல்ல" என்றார், பெரியம்மாவைப் பார்த்து. ஊரைப் பார்த்துச் சொல்லவில்லை. "அந்த வெல்லத்தை எந்தச் சிப்பாயும் தின்னதில்ல."

"அப்பறம் யாருங்க தின்னது?"

"கழுதை."

ஒரு நொடி ஊரே ஒரே ஆளாக மூச்சை இழுத்தது. பெரியம்மா தட்டைக் கையில் பிடித்தபடியே யோசித்தார்.

"மீசைக்காரன்னு எழுதியிருந்தீங்களே?"

"மீசை இருந்துச்சு."

"குளிர்ல காலு வலின்னு எழுதுனீங்களே?"

"வலிச்சுது. நாலு காலும்."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. நானாகக்கூட இருக்கலாம். பிறகு அலை மாதிரி வந்தது. அஸ்ஸாம் டிரைவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். "மூச்சு வாங்க உடோணும்னு சொன்னது இதுக்குத்தானா!" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் அதைக் கேட்டு ஒவ்வொரு மலையிலயும் அர மணி நேரம் வண்டியை நிறுத்துனேன்டா!"

"உன்ற இன்ஜின் இன்னும் நல்லாத்தானே இருக்குது?" என்றார் பெரியப்பா விடாமல்.

டீக்கடைக்காரர் கூட்டத்தின் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். அவர் பெரியப்பாவோடு படித்தவர், அந்தத் தெருத் திட்டைக் காதால் கேட்டவர். "அப்போ உங்கப்பன் அன்னைக்குச் சொன்னது பலிச்சுப்போச்சேப்பா!"

சிரிப்பு சட்டென்று அடங்கியது. இதைத்தான் அவர் இத்தனை வருஷமும் பயந்துகொண்டிருந்தார்.

"பலிச்சுது" என்றார் பெரியப்பா. "ஆனா மேய்ச்சது நானில்ல, அதுதான் என்னை மேய்ச்சுது. கேக்கறியா?"

அங்கேயே, லாரிப் படியில் சாய்ந்துகொண்டு சொன்னார். மேலே ஒரு காவல் முகாம். பனி விழுந்து ஒன்பது நாளாக யாரும் ஏற முடியவில்லை. மேலே பதினோரு பேர், அடுப்புக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது. பத்தாம் நாள் இவரும் நம்மாளும் சீமெண்ணெயும் கடிதக் கட்டும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். பாறையில் மூட்டை இடித்துவிடும் என்று நம்மாள் எப்போதும் பாதையின் வெளி விளிம்பில்தான் நடப்பானாம். கீழே பார்த்தால் பள்ளம், மேலே பார்த்தால் பனி. இவர் அவன் வாலை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாராம். சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள்.

"பதினோரு பேரும் ஓடி வந்தாங்க. காயிதத்துக்குன்னு நெனச்சேன். இல்ல. எண்ணெய்க்குன்னு நெனச்சேன். அதும் இல்ல. நேரா நம்மாளுகிட்ட போயி, முதுகுல போட்ட கம்பளிக்கு அடியில கையை விட்டுக்கிட்டாங்க. அங்கதான் சூடு. வெரல் மரத்துப்போயிருந்துச்சு அவங்களுக்கு. ஒரு பக்கம் ரெண்டு பேரு, அந்தப் பக்கம் ரெண்டு பேரு, மத்தவங்க ரேசன் கடை மாதிரி வரிசையில. பெரிய அதிகாரி கடைசியில நின்னாரு. பகல் பூரா ஏறுன கழுதை. ஒருத்தன் பாக்கி இல்லாம சூடு காஞ்சு முடியற வரைக்கும் அது ஒரு கால் மாத்தி நிக்கல. நான் சட்டைப் பையில இருந்த வெல்லத்தை எடுத்து வாயில வெச்சேன்." அவர் பெரியம்மா பக்கம் திரும்பினார். "நீ கட்டிக் குடுத்தது."

டீக்கடைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

பெரியம்மா தட்டை என் கையில் திணித்தார். "அப்போ நான் மலைக்கு நடந்ததும் சரிதான். வேண்டுதல் நல்ல ஆளுக்குத்தான் போயிருக்குது." பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மொதல்லயே சொல்லியிருந்தா இன்னும் ஒரு பை சேத்துக் குடுத்திருப்பனே!" என்றார்.

"எலுமிச்சம்பழம் காயுது" என்று மாமா ஞாபகப்படுத்தினார். அவருக்கு வண்டியின் ராசி முக்கியம். "யாருங்க ஓட்டறது?"

பெரியப்பா லாரியின் முன்னால் போனார். நான் கட்டிய கயிறு தரையில் கிடந்தது. அதன் முனையை எடுத்துப் பழகிய கையாக ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்தார். லாரியின் பம்பரை இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தார். எனக்குப் புரிந்த அதே நொடியில் மாமாவின் டிரைவருக்கும் புரிந்துவிட்டது. அவர் ஓட்டுநர் சீட்டுக்குத் தாவி முதல் கியரைப் போட்டார்.

"டக், டக்" என்றார் பெரியப்பா.

பன்னிரண்டு சக்கரமும் அசைந்தன. எலுமிச்சம்பழங்கள் வரிசையாக நசுங்கின. ஊர் போட்ட கூச்சலில் மேளச் சத்தமே கேட்கவில்லை. முன்னால் கயிற்றைத் தொய்வாகப் பிடித்துக்கொண்டு அவர் நடக்க, சாமந்தி மாலையோடு அவ்வளவு பெரிய லாரி அடக்க ஒடுக்கமாகப் பின்னால் வந்தது. வேகத்தடை வந்தால் "ஹோ" என்பார்; லாரி நிற்கும். "டக், டக்" என்பார், கிளம்பும். திருப்பத்தில் ஒரு தடவை டிரைவர் வேண்டுமென்றே நகராமல் அடம்பிடித்தார். பெரியப்பா திரும்பி முறைத்து, "மொத நாளே வேலையைக் காட்டறயா?" என்று லாரியைத் திட்டினார். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. கடைசி வேகத்தடையில் பெரியம்மாவும் வந்து கயிற்றில் ஒரு கை போட்டுக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் ஒலிபெருக்கியில் கதைகளைப் போடப் போனபோதுதான் பார்த்தேன். போன் காலையிலிருந்து என் கையிலேயே இருந்திருக்கிறது. நான் பதிவுப் பொத்தானை அமுக்கவே இல்லை. ஒட்டகம் கம்பி மென்றது ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, பதினோரு பேர் குளிர்காய்ந்தது ஒரு நொடிகூட இல்லை. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் பெரியம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே நீல நீலமாகக் கடிதங்கள். "எனக்குக் கண்ணாடி எங்கயோ போச்சு. நீ படி. நம்மாளு வர்ற எடமாப் பாத்துப் படி."

படித்தேன். 'நம்மாளு நேற்று என் கம்பளியைத் தின்றுவிட்டான்.' பெரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏழ்மைன்னு நெனச்சேன் அம்மணி! ஒரு கம்பளி வாங்கி அனுப்புனேன்!" 'நம்மாளுக்கு நான் பக்கத்தில் இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை.' "அதைப் படிச்சுப்போட்டு நான் ரெண்டு நாள் சோறு திங்கல!"

மோட்டாரைப் பார்க்கிற சாக்கில் வெளியே நின்ற பெரியப்பாவை அவர் உள்ளே கூப்பிட்டார். "கடைசியில என்னாச்சுங்க அவனுக்கு?"

"நான் வந்தப்பறம் ரெண்டு வருசம் வேலை செஞ்சான். அப்பறம் ஓய்வு குடுத்து, நல்ல பச்சை இருக்கற எடத்துல விட்டுட்டாங்க. அங்கயே போயிட்டான்னு கூட இருந்தவன் எழுதியிருந்தான்."

"வெல்லம் கெடச்சுதா?"

"நீ கடைசியாக் கட்டிக் குடுத்ததுல ஒரு பையை நான் அவன்கிட்டயே விட்டுட்டுத்தான் வந்தேன்."

பெரியம்மா பெட்டியின் அடியிலிருந்து இன்னொரு கடிதத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "இதைப் படி. இது நெம்ப நாளா எனக்குப் புரியாமயே இருக்குது."

பிரித்தேன். 'வெல்லம் நன்றாக இருந்ததாக நம்மாளு சொல்லச் சொன்னான். உன்னைப் பற்றிச் சொன்னேன். காதை ஆட்டிக் கேட்டான்.'

பெரியம்மா பெரியப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "காதை ஆட்டினானாமே! அன்னைக்கே நான் சுதாரிச்சிருக்கோணும்."